ஆப்பிரிக்க விடுதலையின் தங்க நாணயங்கள்: வாசிக்க, சோதிக்க, சேர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

காங்கோ 1965இல் வெளியிட்ட 100 பிராங்க் தங்க நாணயத்தின் எடை 32.26 கிராம். நம் கணக்கில் நான்கு சவரனுக்குச் சற்று மேல். அதில் இருப்பது நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் ஜோசப் கசாவுபுவின் முகம். 1960 ஜூன் 30 அன்று பெல்ஜியத்திடமிருந்து பெற்ற விடுதலைக்கு ஐந்தாண்டு நிறைந்ததைக் கொண்டாட அடித்த காசு அது. கொண்டாட்டம் முடிந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. அதே 1965 நவம்பரில் படைத்தளபதி மொபுட்டு ஆட்சியைக் கைப்பற்றினார், கசாவுபு பதவி இழந்தார். காசின் மேல் பொறித்த ஆண்டு முடிவதற்குள் அந்த முகத்துக்கு உரிய அதிகாரம் போய்விட்டது.

இந்த ஒரு காசுதான் என்னை இந்தத் துறைக்குள் இழுத்தது. 1957 முதல் 1980 வரை விடுதலை பெற்ற ஆப்பிரிக்க நாடுகள் பல, தம் பிறப்பை உலகுக்கு அறிவிக்கத் தங்கத்தில் நினைவு நாணயம் வெளியிட்டன. அவற்றைத் தங்கமாக மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் பெரும்பாலும் விற்றுவிட்டுப் போகிறார்கள். வாசிக்கக் கற்றுக்கொண்டு வாங்குகிறவர்கள் வைத்துக்கொள்கிறார்கள். ஆகவே இந்த வழிகாட்டியில் வாசிப்புக்கு முதலிடம்; எடைத்தட்டும் ஏலமும் அதன் பிறகு.

படி 1: எல்லை வகுத்தல்

எல்லாவற்றையும் சேர்க்க முயன்றால் பணமும் ஆர்வமும் ஒருசேரக் கரையும். முதலில் ஓர் எல்லை போட்டுக்கொள்ளுங்கள். விடுதலை நாளை ஒட்டி வெளியானவை மட்டும் என்று வைக்கலாம்: 1960இல் கபோன், 1962இல் புருண்டி, 1966இல் போட்ஸ்வானாவும் லெசோதோவும், 1968இல் சுவாசிலாந்து, 1976இல் செஷல்ஸ். அல்லது விடுதலைக்குப் பிந்தைய முதல் பத்தாண்டு என்று விரிக்கலாம். அப்போது 1965இன் சோமாலியா, 1967இன் மாலி, எட்டாம் ஆண்டு என்ற விந்தையான கணக்கில் வெளியான 1968இன் செனகல், பத்தாம் ஆண்டுக்கு 1970இல் வெளியான சாட் எல்லாம் உள்ளே வரும்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஒரே வட்டாரத்தை எடுத்துக்கொள்ளும்படி சொல்வேன். போட்ஸ்வானா, லெசோதோ, சுவாசிலாந்து மூன்றும் தென்னாப்பிரிக்காவை ஒட்டிய நாடுகள், இரண்டே ஆண்டுகளுக்குள் விடுதலை பெற்றவை. மூன்றின் காசுகளும் ஒன்றோடொன்று பேசும். எப்படி என்பதைக் கீழே பார்க்கலாம்.

படி 2: காசை வாசித்தல்

கையில் எடுத்ததும் நான்கு கேள்விகள் கேளுங்கள். யார் முகம்? என்ன ஆண்டு? எதைக் கொண்டாடுகிறது? பணத்தின் பெயர் என்ன? இந்த நான்காவது கேள்வியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கோ அதுதான் மிகவும் பிடித்தது.

போட்ஸ்வானாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1966 செப்டம்பர் 30 அன்று விடுதலை. அந்த ஆண்டுத் தேதியிட்ட தங்க நாணயம் 11.30 கிராம், முதல் குடியரசுத் தலைவர் செரெட்சே காமாவின் முகம். மதிப்பு 10 தேபே. அன்று அந்த நாட்டில் புழங்கிய பணம் தென்னாப்பிரிக்க ராண்டு. தேபே என்ற பணம் கடைத்தெருவில் எங்கும் இல்லை. பத்தாண்டு கழித்து, 1976இல்தான் போட்ஸ்வானா தன் சொந்தப் பணத்தைக் கொண்டுவந்தது. முழுப் பணத்துக்குப் பூலா என்று பெயர். செட்ஸ்வானா மொழியில் மழை. அதில் நூறில் ஒரு பங்கு தேபே. அதன் பொருள் கேடயம். வறண்ட நிலத்து மக்கள் பணத்துக்கு மழை என்று பெயரிட்டார்கள் என்பதை நினைக்கும்போது மனம் நெகிழ்கிறது. பெரும்பகுதி கலகாரிப் பாலையாகக் கிடக்கும் நாடு அது. அந்தப் பெயர்களில் ஒன்று, பிறக்கப்போகும் பணத்துக்குப் பத்தாண்டு முன்பே தங்கத்தில் ஏறியிருக்கிறது.

லெசோதோவும் அப்படியே. 1966 அக்டோபர் 4 விடுதலை. தங்கத்தில் 1, 2, 4 மலோட்டி. மலோட்டி மக்கள் கைக்கு வந்தது 1980இல். முகமோ அன்று அரியணையில் இருந்த இரண்டாம் மொஷ்வேஷ்வேயுடையது அல்ல. 19ஆம் நூற்றாண்டில் சோத்தோ மக்களை மலைகளில் ஒன்றுதிரட்டி நாட்டை நிறுவிய முதலாம் மொஷ்வேஷ்வேயுடையது. அவர் இறந்தது 1870இல். இருக்கிறவரை விட்டுவிட்டு நிறுவியவரை முன்னே வைத்த இந்தத் தேர்வை நான் மிகவும் மதிக்கிறேன். அதன் பலனும் தெரிகிறது: லெசோதோவின் காசு எந்த ஆட்சிக் கவிழ்ப்பிலும் பழசாகவில்லை.

சுவாசிலாந்து 1968 செப்டம்பர் 6 அன்று விடுதலை பெற்றது. இன்று அதன் பெயர் எஸ்வாத்தினி. 1 லிலாங்கேனி தங்க நாணயம், இரண்டாம் சோபூசா மன்னரின் முகம். எடை 33.93 கிராம். தங்க வணிகத்தோடு பழகியவர்களுக்கு இந்த எண்ணைக் கேட்டதும் பொறி தட்டும்: அதற்கு முந்தைய ஆண்டு, 1967இல், தென்னாப்பிரிக்கா வெளியிடத் தொடங்கிய குரூகர்ராண்டின் எடையும் அதுவே. இரண்டிலும் தூய தங்கம் சரியாக ஒரு டிராய் அவுன்ஸ், அதாவது 31.10 கிராம். விடுதலை பெற்ற சிறு நாடு பெரிய அண்டை வீட்டுக்காரரின் அளவையே எடுத்துக்கொண்டது. ஆனால் இது வெறும் 2,000 காசுகள்தான், குரூகர்ராண்டோ கோடிக்கணக்கில்.

முகத்துக்கு வருவோம். கானா 1957 மார்ச் 6 அன்று விடுதலை பெற்றபோதும் பிரிட்டிஷ் அரசிதான் நாட்டின் தலைவர். ஆனால் 1958இல் வெளியான நாணயங்களில் அரசியின் தலை இல்லை; பிரதமர் குவாமே நிக்ருமாவின் தலை இருந்தது, சுற்றிலும் லத்தீன் மொழியில் ‘கானா நாட்டை நிறுவியவர்’ என்ற வாசகம். 1960 ஜூலை 1 அன்று நாடு குடியரசானபோது வெளிவந்த 2 பவுண்டு தங்க நாணயம் அந்த வரிசையின் மணிமுடி. இதற்கு ஒரு பின்கதை உண்டு. வெள்ளையர் அந்த நிலத்துக்கு வைத்திருந்த பெயரே ‘தங்கக் கடற்கரை’. 1663இல் இங்கிலாந்து அடித்த கினி என்ற தங்கக் காசுக்குப் பெயர் வந்ததே மேற்கு ஆப்பிரிக்கக் கினிக் கரையிலிருந்து போன தங்கத்தால். தொடக்கக் காசுகளில் ஆப்பிரிக்கக் கம்பெனியின் அடையாளமாக அரசரின் தலைக்குக் கீழே ஒரு சிறு யானைகூட இருக்கும். முந்நூறு ஆண்டுகளாக அந்தக் கரையின் தங்கம் அடுத்தவர் தலையைச் சுமந்துகொண்டு திரிந்தது. 1960இல் அது தன் பிள்ளையின் தலையைச் சுமந்தது. நிக்ருமா 1966 பிப்ரவரியில் கவிழ்க்கப்பட்டார். காசு மாறவில்லை.

புருண்டியை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1962 ஜூலை 1 விடுதலை. தங்கத்தில் மன்னர் நான்காம் ம்வாம்புட்சா. 1966 ஜூலையில் அவர் மகனே அவரை நீக்கினார். அதே ஆண்டு நவம்பரில் மகனை நீக்கிப் படை அதிகாரி மிக்கோம்பெரோ குடியரசை அறிவித்தார். 1967இல் குடியரசின் முதலாண்டு நிறைவுக்குத் தங்க நாணயம்; இப்போது மிக்கோம்பெரோவின் முகம். முடியாட்சி விழுந்த கதை இரண்டு காசுகளுக்கு நடுவே இருக்கிறது.

மாலியின் 1967 வரிசையில் முதல் குடியரசுத் தலைவர் மோதிபோ கெய்ட்டா. 1968 நவம்பரில் அவரும் ஆட்சி இழந்தார். செஷல்ஸின் 1976 விடுதலை நாணயம், 1,000 ரூபாய், 15.98 கிராம், முகம் முதல் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் மன்சம். அடுத்த ஜூனில் அவர் லண்டனில் இருக்கும்போதே ஆட்சி பறிபோயிற்று.

இந்த வரிசையில் ஒரு விதிவிலக்கைத் தவறவிடாதீர்கள். சோமாலியா 1965இல், விடுதலையின் ஐந்தாம் ஆண்டுக்கு, 20 முதல் 500 ஷில்லிங் வரை ஐந்து தங்க நாணயங்கள் வெளியிட்டது. அவற்றில் உள்ள ஏதென் அப்துல்லா உஸ்மான் 1967 தேர்தலில் தோற்றார். தோல்வியை ஏற்று, வென்றவரிடம் பதவியை ஒப்படைத்துவிட்டு அமைதியாக விலகினார். விடுதலைக்குப் பிந்தைய ஆப்பிரிக்காவில் அப்படிச் செய்த முதல் குடியரசுத் தலைவர் என்று அவரைச் சொல்வார்கள். சோமாலியா என்றதும் உள்நாட்டுப் போரை மட்டும் நினைப்பவர்களிடம் இந்தக் காசைக் காட்டிப் பேச எனக்குப் பிடிக்கும்.

படி 3: முகமதிப்பைத் தங்க மதிப்போடு ஒப்பிடுதல்

இந்தப் படியை யாரும் சொல்லித் தந்து நான் கற்கவில்லை. பட்டியல்களோடு உட்கார்ந்து கணக்குப் போட்டபோது விளங்கியது. 1971 ஆகஸ்ட் வரை அமெரிக்க அரசின் தங்க விலை ஓர் அவுன்ஸுக்கு 35 டாலர். அந்த விலையில் காசின் தங்கம் எவ்வளவு பெறும் என்று பாருங்கள். பிறகு காசில் எழுதிய தொகை அன்றைய நாணய மாற்று விகிதத்தில் எத்தனை டாலர் என்று பாருங்கள்.

கபோனின் 1960ஆம் ஆண்டு 100 பிராங்க் நாணயம் 32 கிராம், மாற்று 0.900, அதாவது ஆயிரத்தில் 900 பங்கு தூய தங்கம். தூய தங்கம் 28.8 கிராம், ஏறத்தாழ 32 டாலர் பெறும். அன்று கபோனில் புழங்கிய, பிரெஞ்சுப் பணத்தோடு பிணைத்த சிஎஃப்ஏ பிராங்க் 100 சேர்ந்தால் 2 புதிய பிரெஞ்சு பிராங்க். அரை டாலருக்கும் கீழே. எழுதிய தொகையைப் போல 80 மடங்கு தங்கம் உள்ளே இருக்கிறது. இதை எந்தப் பித்தனும் கடையில் நீட்டமாட்டான். கொடுக்கவும் வைத்துப் பார்க்கவும் மட்டுமே பிறந்த காசு. கானாவின் 2 பவுண்டிலும் எழுதியதைப் போல மூன்று மடங்கு தங்கம் உண்டு.

சோமாலியாவின் 500 ஷில்லிங்கைப் பாருங்கள். 70 கிராம், 0.900. தங்கம் 71 டாலர் அளவுக்குப் பெறும். 500 ஷில்லிங்கும் அன்று 70 டாலர்தான். துனிசியா 1967இல் குடியரசின் பத்தாம் ஆண்டுக்கு பூர்கிபாவின் முகத்தோடு வெளியிட்ட 40 தினார், 76 கிராம். அங்கும் தொகையும் தங்கமும் ஏறக்குறைய ஒன்று. சாட் நாட்டின் 1970ஆம் ஆண்டுக் காசுகளும் அப்படித்தான். இவற்றை வடிவமைத்தவர்கள் தராசைப் பார்த்தே தொகை எழுதியிருக்கிறார்கள்.

கென்யா மூன்றாவது வகை. 1966இல் ஜோமோ கென்யாட்டாவின் 75ஆம் பிறந்தநாள் என்று 100, 250, 500 ஷில்லிங் தங்க நாணயங்கள் வந்தன. (கென்யாட்டா பிறந்த ஆண்டு உறுதியாகத் தெரியாதது, 75 என்பது அரசு வைத்துக்கொண்ட கணக்கு.) 100 ஷில்லிங் 7.6 கிராம், தங்கம் 8 டாலருக்குச் சற்றுக் கீழே. தொகையோ 5 பிரிட்டிஷ் பவுண்டுக்குச் சமம், அதாவது 14 டாலர். தங்கத்தைவிடத் தொகை அதிகம். முழு அதிகாரமுள்ள பணமாகவே இதை நினைத்திருக்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். 500 ஷில்லிங் நாணயம் 500 மட்டுமே அடிக்கப்பட்டதால் இன்று எளிதில் கிடைக்காது.

சியரா லியோன் வேறு விதமாக இதை அவிழ்த்தது. 1966இல், விடுதலையின் ஐந்தாம் ஆண்டில், ‘கோல்டே’ என்ற புதுப் பெயரையே உண்டாக்கியது. நாட்டின் பணம் லியோன். கோல்டே கடைக்கு வந்ததே இல்லை. சிங்கத் தலையும் ஆப்பிரிக்க வரைபடமும் கொண்ட 1 கோல்டே ஏறத்தாழ 54.5 கிராம் கனத்த காசு. அதே அச்சில் பல்லேடியம் என்ற உலோகத்திலும் அடித்தார்கள். உலகில் அந்த உலோகத்தில் வந்த முதல் நாணயங்களாக அவை எண்ணப்படுகின்றன. வெள்ளி நிறத்தில் இந்தக் காசைப் பார்த்தால் போலி என்று தள்ளிவிடாதீர்கள்.

படி 4: யாருக்காக அடித்தது என்று கேட்டல்

1970ஐ ஒட்டிய சில வரிசைகளை நான் வாங்கச் சொல்லமாட்டேன். எக்குவடோரியல் கினி 1968இல் ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்றது. 1970 தேதியிட்ட அதன் தங்கம், வெள்ளி வரிசையில் ஸ்பானிய ஓவியர் கோயாவின் ஓவியம் இருக்கிறது, ஜெர்மானிய ஓவியர் டியூரரின் கூப்பிய கைகள் இருக்கின்றன, ரோம் நகரம் இத்தாலியின் தலைநகராகி நூறாண்டு ஆனது இருக்கிறது, உலகக் கோப்பைக் கால்பந்து இருக்கிறது. அந்த நாட்டு மீனவரும் கொக்கோ தோட்டத் தொழிலாளியும் தேடினாலும் தென்படமாட்டார்கள். ஐரோப்பியச் சேகரிப்பாளரின் பணப்பையைப் பார்த்து ஐரோப்பிய விற்பனையாளர்கள் வரைந்த பட்டியல் அது. வேறொரு நாடான கினியின் பத்தாம் ஆண்டு வரிசையில் 10,000 பிராங்க் காசில் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் செக்கு தூரே இருக்கிறார், சரி. 1,000 பிராங்க் காசில் இருப்பவர்கள் அமெரிக்காவின் கென்னடி சகோதரர்கள்.

சாட் இன்னும் வேதனையானது. 1960 ஆகஸ்ட் 11இல் பெற்ற விடுதலைக்குப் பத்தாம் ஆண்டுக் காசு. முகங்களில் பிரெஞ்சுத் தலைவர் டி கோல், பிரெஞ்சுத் தளபதி லெக்லேர், 1900இல் சாட் மண்ணைப் பிரான்சுக்காகப் பிடிக்கும் போரில் இறந்த படை அதிகாரி லாமி. அந்த லாமியின் பெயரையே தலைநகரமும் 1973 வரை சுமந்தது. பிறகுதான் என்ஜமேனா ஆயிற்று. எனினும் சாட்டை நான் பட்டியலிலிருந்து நீக்கவில்லை. கொடி மாறிய பின்னும் ஓர் அரசு யாரைத் தன் முன்னோராகக் கருதியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இத்தாலிய வணிகத்தோடு தொடர்புள்ள வரிசைகளில் ‘1ஏஆர்’ என்ற நுண்ணிய முத்திரை காணக்கூடும். அரெஸ்ஸோ நகரத்துப் பொன் தொழிற்சாலையின் அடையாளம் அது. முத்திரை இருப்பதால் காசு போலியாகாது. எங்கே பிறந்தது என்று சொல்கிறது, அவ்வளவே.

படி 5: மறைந்த நாடுகளைத் தனியே வைத்தல்

கட்டங்கா, பயாஃப்ரா, ரொடீசியா மூன்றும் ஏலப் பட்டியல்களில் விடுதலை நாணயங்களோடு கலந்தே வரும். தனித் தட்டில் வையுங்கள்.

கட்டங்கா 1960 ஜூலை 11 அன்று காங்கோவிலிருந்து பிரிந்த செம்புச் சுரங்க மாநிலம். 1963 ஜனவரியில் அதன் கதை முடிந்தது. 1961இல் வந்த 5 பிராங்க் தங்க நாணயம் 13.33 கிராம், 0.900. ஒரு பக்கம் வாழைத்தார். மறுபக்கம் அந்த வட்டாரத்தில் பல தலைமுறை பணமாகப் புழங்கிய செம்புச் சிலுவை. காசின் மேல் பழைய காசையே வரைந்திருக்கிறார்கள். அழகாலேயே இதற்கு எப்போதும் கிராக்கி உண்டு.

பயாஃப்ரா நைஜீரியாவிலிருந்து 1967 மே 30 அன்று பிரிந்தது. இரண்டாம் ஆண்டு நிறைவுக்கு, 1969இல், 1 முதல் 25 பவுண்டு வரை ஐந்து தங்க நாணயங்கள். முற்றுகைக்குள் குழந்தைகள் பட்டினியால் மடிந்துகொண்டிருந்த ஆண்டு அது. 1970 ஜனவரியில் சரணடைந்தது. 25 பவுண்டு காசு 79.88 கிராம். அதைக் கையில் வைத்திருக்கும்போது எனக்குப் பேச வருவதில்லை. ஒரு நாடாக நிலைப்போம் என்று கடைசிவரை நம்பியவர்களின் காசு என்பதால் மரியாதையோடு வைத்திருக்க வேண்டியது.

ரொடீசியா 1966இல் வெளியிட்ட 10 ஷில்லிங், 1 பவுண்டு, 5 பவுண்டு தங்க நாணயங்கள் கொண்டாடுவது, பெரும்பான்மைக் கறுப்பின மக்களுக்கு ஆட்சியில் இடம் தராமல் இருக்க வெள்ளைச் சிறுபான்மையினர் 1965 நவம்பர் 11 அன்று தாமாக அறிவித்துக்கொண்ட ‘விடுதலை’யை. அந்த மண்ணின் உண்மையான விடுதலை 1980இல், ஜிம்பாப்வே என்ற பெயரில். விற்பனையாளர் இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டிருந்தால் அவருடைய மற்ற விவரங்களையும் ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள்.

படி 6: எடையும் மாற்றும்

நமக்கு இங்கே ஒரு வசதி உண்டு. சவரன் என்று நாம் சொல்வதே பிரிட்டிஷ் சாவரின் காசிலிருந்து வந்தது: 7.988 கிராம், 22 காரட். பிரிட்டிஷ் மரபில் வந்த பல ஆப்பிரிக்கக் காசுகள் அதே அளவுகோலில் நிற்கின்றன. லெசோதோவின் 2 மலோட்டி சரியாக ஒரு சவரன். 4 மலோட்டி இரண்டு சவரன், 1 அரைச் சவரன். கானாவின் 2 பவுண்டு இரண்டு சவரன். செஷல்ஸின் 1,000 ரூபாயும் இரண்டு சவரன். பயாஃப்ராவில் மட்டும் ஏமாறாதீர்கள்: பெயர் 2 பவுண்டு, எடை ஒரு சவரன்.

பிரெஞ்சு, பெல்ஜிய மரபில் வந்தவை 0.900 மாற்று, ஏறத்தாழ 21.6 காரட். கபோன், ஐவரி கோஸ்ட், செனகல் வரிசைகளில் 10, 25, 50, 100 பிராங்க் முறையே 3.2, 8, 16, 32 கிராம். 25 பிராங்கின் 8 கிராமைப் பார்த்து ஒரு சவரன் என்று கணக்கிட்டால் தவறு: தூய தங்கம் 7.2 கிராம், சவரனில் 7.32. ருவாண்டாவின் 1965 வரிசையில் 100 பிராங்க் 30 கிராம், காங்கோவில் 32.26. ஒரே மதிப்பு என்பதால் ஒரே எடை என்று எண்ண வேண்டாம். வாங்கும் முன் அந்தந்தக் காசின் கேஎம் எண்ணை (கிராவுஸ் உலக நாணயப் பட்டியலில் அதற்குரிய எண்) பார்த்து எடை, விட்டம், மாற்று மூன்றையும் குறித்துக்கொண்டு போங்கள்.

படி 7: சோதித்தல்

முதல் விதி: உரைகல்லில் உரசவிடாதீர்கள். நகைக்கு அது சரி. சேகரிப்புக் காசின் விளிம்பில் ஒரு கீறல் விழுந்தால் தங்க விலைக்கு மேல் கிடைக்க வேண்டியது பெரும்பாலும் போய்விடும். நகைக்கடையில் எக்ஸ்-கதிர் கருவி இருந்தால் அதில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது மேற்பரப்பை மட்டுமே வாசிக்கும்; தங்கமுலாம் கனமாகப் பூசிய போலியிடம் ஏமாறும். எனவே அடர்த்தியும் பார்க்க வேண்டும்.

வீட்டிலேயே செய்யலாம். 0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு போதும். காசை முதலில் எடை போடுங்கள். ஒரு சிறு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் வைத்துத் தராசின் மேல் வைத்து எண்ணைப் பூச்சியமாக்குங்கள். காசை மெல்லிய நைலான் நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். ஒட்டியிருக்கும் நீர்க்குமிழிகளை நூலை அசைத்து உதறிவிடுங்கள். இப்போது தராசு காட்டுவது காசு விலக்கிய நீரின் எடை. காசின் எடையை இதால் வகுத்தால் அடர்த்தி. 22 காரட் செம்புக் கலப்புக்கு ஏறத்தாழ 17.5 முதல் 17.7, 0.900 மாற்றுக்கு 17.2 முதல் 17.3. கானாவின் 15.98 கிராம் காசு 0.9 கிராமுக்குச் சற்று மேல் நீரை விலக்க வேண்டும். 1.5 கிராம் காட்டினால் உள்ளே இருப்பது தங்கம் அல்ல. சிறிய 3.2 கிராம் காசுகளில் ஒரு துளிப் பிழையும் விடையைப் புரட்டிவிடும். மூன்று நான்கு முறை செய்து சராசரி எடுங்கள். சேகரிப்பாளர்களுக்கென்று தனியாக மெருகேற்றி அடித்த, பளபளக்கும் புரூஃப் காசில் இந்தச் சோதனையே வேண்டாம். தண்ணீர்க் கறையும் நூல் தடமும் அதன் கண்ணாடிப் பரப்பைக் கெடுத்துவிடும்.

டங்ஸ்டன் உலோகத்தின் அடர்த்தி தூய தங்கத்தை ஒத்தது என்பதால் அடர்த்தி மட்டும் முடிவான சாட்சி ஆகாது. விட்டத்தையும் கனத்தையும் வெர்னியர் அளவுகோலில் பாருங்கள், ஆனால் உலோகத் தாடைகள் காசில் அழுந்தாமல். பத்து மடங்கு உருப்பெருக்கியில் எழுத்துகளின் ஓரம் கூர்மையாக விழுந்திருக்கிறதா, வழவழப்பாகக் குழைந்திருக்கிறதா என்று பாருங்கள். அச்சில் அடித்த காசுக்கும் வார்த்த காசுக்கும் வேறுபாடு அங்கே தெரியும்.

பிறகு கொக்கித் தடம். காசைக் கோத்துக் கழுத்தில் அணியும் வழக்கம் காசுமாலை கண்ட நமக்குப் புதிதல்ல; மற்ற நாடுகளிலும் உண்டு. இந்தக் காசுகள் பல பதக்கமாகிப் பின் காசாகத் திரும்பியவை. பற்றவைத்த இடத்தைத் தேய்த்து மறைத்திருப்பார்கள். பன்னிரண்டு மணி இடத்தில் விளிம்பின் வரிகள் மங்கியோ நிறம் மாறியோ இருக்கிறதா என்று விளக்கொளியில் சுழற்றிப் பாருங்கள். நான் முதலில் வாங்கிய 25 பிராங்க் காசில் அந்த இடத்தை நான் பார்க்கவில்லை. நிழற்படத்தில் விளிம்பைக் காட்டாத விற்பனையாளரிடம் அன்றிலிருந்து விளிம்பின் படத்தைக் கேட்டு வாங்கிய பின்னரே விலை பேசுகிறேன்.

படி 8: விலை பேசுதல்

அன்றைய தங்க விலையில் காசின் தூய தங்கம் எவ்வளவு பெறும் என்பது அடித்தளம். அதற்கு மேல் எவ்வளவு தருவது என்பதை மூன்று தீர்மானிக்கின்றன: எத்தனை அடிக்கப்பட்டது, என்ன நிலையில் இருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள். கடைசியை மறக்காதீர்கள். சில நூறு மட்டுமே அடித்த காசும், தேடுவார் இல்லாவிட்டால் தங்க விலையை ஒட்டியே கிடக்கும். அந்த நேரம்தான் நல்ல நேரம். தங்க விலை ஏறும்போது இப்படிப்பட்ட காசுகள் உருக்கப்படுகின்றன என்பதும் உண்மை. பட்டியலில் உள்ள எண்ணிக்கை பிறந்த எண்ணிக்கை, இன்று உயிரோடு இருப்பது அல்ல.

முழு வரிசையாகப் பெட்டியோடு வருபவற்றைப் பிரிக்காதீர்கள். ஏலத்தில் சுத்தியல் விழுந்த விலையோடு நிறுவனத்தின் கட்டணமும் சேரும். ஐந்தில் ஒரு பங்குக்கு மேலேகூடப் போகலாம். கையைத் தூக்கும் முன் அதையும் கூட்டிப் பாருங்கள். என்ஜிசி, பிசிஜிஎஸ் தரச்சான்றுப் பேழையில் வரும் காசு என்றால் சான்று எண்ணை அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இந்தியாவுக்குக் கொண்டுவருகிறவர்களுக்கு ஒன்று: பயணிகளின் நகைக்குத் தரப்படும் சுங்கச் சலுகை தங்க நாணயத்துக்குப் பொருந்தாது. நினைவு நாணயம் என்பதால் தனிச் சலுகையும் இல்லை. சுங்கத்தின் கண்ணில் அது தங்கம். புறப்படும் முன் அப்போதைய விகிதத்தைப் பார்த்து, ரசீதோடு வந்து, அறிவித்து, கட்டிவிடுங்கள். அந்த வரி ரசீதும் காசின் ஆவணங்களில் ஒன்று.

படி 9: மொரீஷியஸுக்கு ஓர் இடம்

பட்டியலில் ஒரு காசையாவது நம் மொழியின் உறவுக்காகச் சேர்க்கலாம். மொரீஷியஸ் 1968 மார்ச் 12 அன்று விடுதலை பெற்றது. 1971 தேதியிட்ட 200 ரூபாய் தங்க நாணயம் 15.56 கிராம், 22 காரட். ரூபாய் என்ற பெயரே இந்தியப் பெருங்கடலைக் கடந்து போன நம் மக்களின் தடம். அந்நாட்டுப் பணத்தாள்களில் இன்றும் தமிழ் இருக்கிறது. 1998இல் வெளியான புதிய தாள்களில் வழக்கமான இடத்தைவிட்டுத் தமிழை இந்திக்குக் கீழே தள்ளியபோது அங்குள்ள தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். அரசு அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்று, வரிசையைத் திருத்தி 1999இல் மீண்டும் வெளியிட்டது. தங்கக் காசோடு பழைய பத்து ரூபாய்த் தாள் ஒன்றையும் சேர்த்து வைத்தால் வரிசை நிறைவாக இருக்கும்.

படி 10: வைத்தலும் எழுதுதலும்

தேய்க்காதீர்கள், சாம்பலோ புளியோ சோப்போ எதுவும் வேண்டாம். 0.900 தங்கத்தில் செம்பு இருப்பதால் சிவந்த புள்ளிகள் தோன்றும், அது இயல்பு. ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். மென்மையான பிவிசி உறை காலப்போக்கில் பசையும் பச்சையும் கக்கும், அதில் வைக்க வேண்டாம். கடினமான வட்டப் பேழை நல்லது. வங்கிப் பெட்டகத்தில் வைத்தால் ஈரத்துக்குச் சிலிக்கா பொட்டலம் ஒன்று போடுங்கள்.

பிறகு ஒவ்வொரு காசுக்கும் ஒரு சிறு அட்டை. எடை, விட்டம், கேஎம் எண், வாங்கிய நாள், விலை. அட்டையின் பின்பக்கத்தில் அந்த முகத்துக்கு என்ன ஆயிற்று என்று ஒரு வரி. என்னுடைய முதல் அட்டையில் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘காங்கோ, 100 பிராங்க், 1965. ஜோசப் கசாவுபு. ஜூன் 30இல் கொண்டாடப்பட்டார், நவம்பரில் நீக்கப்பட்டார், 1969இல் இறந்தார்.’